கத்திக்குச் சாக்ஷியம் எங்கே?

சேத்தியாத்தோப்புக் கரும்புக் கொல்லைகளில் வெட்டுக்கத்தி பிடிக்கும் கூலியாளுக்குக் கை ஒன்றே மூலதனம். அக்கையில் கட்டைவிரலும் அடுத்த இரு விரல்களும் மரத்து, இரவில் தூக்கங் கலைத்து, உதறினாலன்றி அடங்காத வேதனை தரும் வியாதி ஒன்றுண்டு. வைத்தியர்கள் அதனைக் கார்ப்பல் டனல் ஸிண்ட்ரோம் என்பர். மணிக்கட்டில் எலும்புகளுக்கும் குறுக்கே ஓடும் நார்ப்பட்டைக்கும் இடையே நரம்பு நெருக்குண்பதே அதன் காரணம். பட்டையை அறுத்து நரம்புக்கு இடங்கொடுப்பது சஸ்திர சிகிச்சை. அறுத்தபின் குணமாயிற்று என்போர் பலர். அறுத்ததனால்தான் குணமாயிற்றா என்பதே நமது கேள்வி.

முந்தி நிகழ்ந்தது என்பதொன்றாலேயே அது பிந்தியதற்குக் காரணமென எந்த நியாயஸ்தலமும் ஒப்பாது. இவ்வியாதி சிலருக்குத் தானே தணிவதுண்டு. மேலும், நம்பிக்கையும் ஒரு மருந்தாகும். மார்வலிக்காக நெஞ்சின் ரத்தக்குழாயொன்றைக் கட்டும் சிகிச்சை ஒருகால் அமெரிக்காவில் பிரசித்தி பெற்றிருந்தது. ஸியாட்டில் வைத்தியர்கள் 17 நோயாளிகளில் சிலருக்குக் குழாயைக் கட்டியும், மற்றவர்க்குத் தோலை மட்டும் கீறித் தைத்தும் சோதித்து, 1959-இல் முடிவை வெளியிட்டனர். தமக்கு நடந்தது எதுவென்று நோயாளிகள் அறியார். கட்டப்பெறாதவரும் கட்டப்பெற்றவரைப் போலவே சுகங்கண்டனர்! அச்சிகிச்சை வழக்கொழிந்தது.

மணிக்கட்டு விஷயத்திலும் பரீக்ஷை நடந்ததுண்டு. ஹாலந்து தேசத்தில் 176 பேரைச் சீட்டுப் போட்டுப் பிரித்து, ஒரு சாராருக்குச் சஸ்திர சிகிச்சையும், மற்றவர்க்கு இரவில் மணிக்கட்டை அசையாது நிறுத்தும் பட்டையும் அளித்தனர். 2002-இல் வெளியான முடிவின்படி, 18 மாதங்களில் முன்னவரில் நூற்றுக்கு 90 பேரும், பின்னவரில் 75 பேரும் குணமடைந்தனர். பின்னவரில் நூற்றுக்கு 41 பேர் அதற்குள் தாமும் கத்திக்குட்பட்டனர்; ஏனையோர் கத்தியின்றியே கழித்தனர். ஜயம் கத்திக்கே, எனினும் தமக்கு எது நடந்ததென்று யாவரும் அறிந்திருந்தனர். ஸியாட்டிலின் கடுஞ்சோதனை இதுவன்று. உலகப் பரீக்ஷைகளைத் திரட்டி நிறுக்கும் காக்ரேன் சபையார் 2024-இல், சஸ்திர சிகிச்சையின் பயன் இன்னும் தெளிவாகவில்லை என்றும், இனிவரும் சோதனைகள் நோயாளி அறியாவண்ணம் நடத்தப்படுதல் நலமென்றும் கூறினர்.

சஸ்திர சிகிச்சை வீண் என்று நாம் சொல்லவில்லை. கட்டைவிரலின் அடிச்சதை வற்றி, மரப்பு இடையறாது நிலைத்துவிட்டவர் தாமதிப்பது அபாயம். ஆனால் வியாதி இலேசாயிருக்கையில், முதலில் பட்டை கட்டிப் பார்க்கலாமா என்று கேட்பது நோயாளியின் உரிமை. அறுத்தபின் சில வாரங்கள் கடின வேலை ஆகாது. அவ்வாரங்களின் கூலியை அவனுக்கு யார் கொடுப்பார்?

நம் தேசத்தில் 2007 முதல் வைத்தியப் பரீக்ஷைகளைப் பதியும் ஏடு இருக்கிறது. அண்ணாமலை நகரில் வைத்தியக் கல்லூரியும் இருக்கிறது. ஹாலந்துக்காரரின் கைகள் சொன்ன சாக்ஷியத்தை வைத்தே நம் கரும்பு வெட்டியின் கைக்கு எத்தனை காலம் தீர்ப்பளிப்பது? அவன் சம்மதம் பெற்று, சீட்டுப் போட்டு, நேர்மையாய்ச் சோதித்து, கண்டதை மறையாது வெளியிடுக. கத்தியை நம்பிக் கை நீட்டும் ஏழைக்கு நாம் செலுத்தவேண்டிய கடன் அதுவே.