உங்களுக்குத் தெரியுமா? குவிண்டால் விலையும் மேற்கோள் குறியும்

திண்டுக்கல் சமவெளியின் முருங்கையும் தக்காளியும் ஒட்டன்சத்திரம் சந்தையில் குவிகின்றன. நாடெங்கும் உள்ள இத்தகைய சந்தைகளின் அன்றாட விலையை இந்திய அரசின் திறந்த தரவுத் தளமான டேட்டா.கவ்.இன் ஜேசன் என்ற தரவு வடிவிலும் தருகிறது. நிரல் எழுதத் தெரிந்த எவரும் எடுத்துக்கொள்ளலாம். எவ்வளவு நல்ல வசதி!

சர்வரிலிருந்து பிரௌசருக்கு வந்து சேர்வது வெறும் எழுத்துச் சரம்தான். அதைப் பிரித்துத் தருவது ஜாவாஸ்கிரிப்ட் மொழியின் ஜேசன்.பார்ஸ். 2009-இல்தான் இது ஜாவாஸ்கிரிப்ட் தரத்தில் இடம்பெற்றது. அதற்குமுன் பலர், வந்த சரத்தை நிரலாகவே இயக்கிவிடும் ஈவல் போட்டு ஆபத்தை விலைக்கு வாங்கினார்கள். பிரித்தால் உள்ளே 'ரெக்கார்ட்ஸ்' என்ற பட்டியல். ஒவ்வொரு பதிவிலும் மாவட்டம், சந்தை, விளைபொருள், தேதி, குறைந்த விலை, கூடிய விலை, பெரும்பாலும் படிந்த விலை. ஃபார்-ஆஃப் சுற்றில் ஒவ்வொன்றாக எடுத்து, மாவட்டம் திண்டுக்கல்லா என்று பார்த்தால் போதும்.

விலை மேற்கோள் குறிக்குள் வந்தால் அது எண் அல்ல, எழுத்து. "1800", "2200" இரண்டையும் கூட்டினால் 4000 வராது. "18002200" என்று ஒட்டிக்கொள்ளும். முதலில் 'நம்பர்' என்ற செயற்கூறு கொண்டு எண்ணாக மாற்றுங்கள். அந்த விலை குவிண்டாலுக்கு உரியது. கிலோ விலைக்கு 100-ஆல் வகுக்க மறக்காதீர்கள்.