தீயை விடப் பொல்லாதது புகை!

"காடு எங்கேயோ எரியுது, நமக்கென்ன?" என்று டி.வி. சேனலை மாற்றுகிறவரா நீங்கள்? கொஞ்சம் பொறுங்கள். ஆஸ்திரேலியாவில் நடந்ததைப் படித்துவிட்டு அப்புறம் மாற்றலாம்.

2019 கடைசியிலும் 2020 தொடக்கத்திலும் அங்கே காடு மாதக்கணக்கில் எரிந்தது. 'கறுப்புக் கோடை' என்றே அதற்குப் பெயர். எரிந்த நிலம் சுமார் 2.4 கோடி ஹெக்டேர். நம் தமிழ்நாட்டைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு! தீயில் நேரடியாகச் சிக்கி இறந்தவர்கள் 33 பேர். ஆனால் காற்றின் மாசு அளவை நாள்வாரியாக வைத்து ஆராய்ச்சியாளர்கள் கணக்குப் போட்டார்கள். கிழக்கு ஆஸ்திரேலியாவில் புகையால் மட்டும் சுமார் 417 பேர் கூடுதலாக இறந்திருக்கலாம் என்று தெரிந்தது. ஆஸ்துமா முற்றி அவசர சிகிச்சைக்கு ஓடியவர்கள் 1,305 பேர்!

புகையில் அப்படி என்ன இருக்கிறது?

கண்ணுக்கே தெரியாத நுண்துகள்கள்தான் வில்லன். 2.5 மைக்ரான், அதற்கும் கீழே. அதாவது தலைமுடியின் பருமனில் சுமார் முப்பதில் ஒரு பங்கு. மூக்கும் தொண்டையும் இதைத் தடுக்காது. நேரே நுரையீரலின் ஆழத்துக்குப் போய்விடும். அங்கே அழற்சி உண்டாகும், இதயத்துக்கும் சுமை ஏறும். அதனால்தான் புகை நாட்களில் மூச்சுத் திணறலோடு மாரடைப்பும் கூடுகிறது.

வானத்தில் ஒரு காவல்காரன்

தீ எங்கே பிடித்தது என்று யார் பார்ப்பது? செயற்கைக்கோள்தான். ஜப்பானின் ஹிமாவாரி-8 அப்போது பத்து நிமிடத்துக்கு ஒருமுறை படம் அனுப்பியது. அகச்சிவப்புக் கதிர் மூலம் வெப்பத்தைப் பார்ப்பதால், புகைக்கு அடியில் இருக்கும் தீயும் பெரும்பாலும் சிக்கிவிடும்.

சரி, கருகிய காடு பிழைக்குமா?

பிழைக்கும். பல யூகலிப்டஸ் மரங்களின் பட்டைக்குள் மொட்டுகள் தூங்கிக்கொண்டிருக்கும். தீ போன சில வாரங்களில் கரிக்கட்டை போன்ற அடிமரத்தில் பச்சைத் துளிர் எட்டிப்பார்க்கும்! புகையிலுள்ள ஒரு ரசாயனமே சில விதைகளை முளைக்க வைக்கிறது என்று 2004-ல் கண்டுபிடித்தார்கள். ஆனால் 'ஆல்பைன் ஆஷ்' போன்ற மரங்கள் விதையை மட்டுமே நம்பியிருக்கின்றன. கன்று வளர்ந்து விதை தர சுமார் இருபது வருஷம் ஆகும். அதற்குள் மறுபடி தீ வந்தால் அந்த இடத்தில் அந்த மரமே இல்லாமல் போய்விடும்.

நாம் என்ன செய்யலாம்?

காட்டுத்தீயோ, குப்பை எரிப்போ, போகிப் புகையோ... நுரையீரலுக்கு எல்லாம் ஒன்றுதான்.

* புகை சூழ்ந்தால் ஜன்னலைச் சாத்துங்கள். அந்த நேரத்தில் ஊதுபத்தி, கொசுவர்த்தி, எண்ணெய்ப் பலகாரம் எல்லாம் வேண்டாம்.

* ஈரக் கைக்குட்டை நுண்துகளைத் தடுக்காது. முகத்தோடு இறுக்கமாகப் பொருந்தும் என்95 மாஸ்க்தான் உதவும்.

* காலை வாக்கிங்கைத் தள்ளிப்போடுங்கள். தாத்தா, பாட்டி, குழந்தைகள், கர்ப்பிணிகள் உள்ளேயே இருக்கட்டும்.

* ஆஸ்துமாக்காரர்கள் இன்ஹேலரைக் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். நெஞ்சு வலியோ, மூச்சுத் திணறலோ வந்தால், "புகைதானே, சரியாயிடும்" என்று உட்கார்ந்திருக்காமல் உடனே டாக்டரிடம் போய்விடுங்கள்.

கருகிய மரம் மறுபடி துளிர்த்துவிடும். நம் நுரையீரலுக்கு அந்த வித்தை தெரியாதே!