வலி இல்லாத பாதம்



நீரிழிவு நோய் என்றதும் கண், சிறுநீரகம், இருதயம் ஆகியவற்றை நினைக்கிறோம். நரம்புகளை நினைப்பவர் சிலரே. ஆறாத காற்புண்ணுடன் வருகிறவர்களிடம் "வலிக்கிறதா?" என்று கேட்டால், அநேகர் "வலியே இல்லை டாக்டர், அதனால்தான் இத்தனை நாள் வரவில்லை" என்கிறார்கள். இந்தப் பதிலைக் குறித்தே இம்முறை தங்களுக்கு எழுதுகிறோம்.

இரத்தத்தில் சர்க்கரை பல ஆண்டுகள் மிகுந்திருந்தால் நரம்பிழைகள் கெடுகின்றன. அவற்றுக்கு ஊட்டம் கொண்டுசெல்லும் நுண்ணிய இரத்தக் குழாய்களும் பழுதடைகின்றன. சரீரத்தின் மிக நீளமான நரம்புகள் கால்விரல் நுனிக்குச் செல்பவை. நீளமானவையே முதலில் பாதிக்கப்படுவதால், தொல்லை இரு பாதங்களிலும் தொடங்கி, காலுறை அணிந்தாற்போல மேலே ஏறுகிறது. பின்னரே கைவிரல்களுக்கு வருகிறது.

பலருக்கு முதலில் எரிச்சல், ஊசி குத்துவது போன்ற உணர்ச்சி. இரவில் அதிகம், போர்வை பட்டாலே தாங்காது என்பவர்கள் உண்டு. சில வருஷங்களில் எரிச்சல் தணிகிறது. வியாதி விட்டது என்று நோயாளி சந்தோஷப்படுகிறார். பெரும்பாலும் வியாதி விடவில்லை, நரம்புதான் மரத்துவிட்டது. சிலருக்கோ எரிச்சல் என்ற எச்சரிப்பே இல்லாமல் கால் மரத்துப்போகிறது.

உணர்ச்சி மட்டும் போவதில்லை. பாதத்தின் சிறு தசைகள் மெலிந்து விரல்கள் வளைவதால், சரீர பாரம் முன்பாதத்து எலும்பு முனைகளில் விழுகிறது. வியர்வை நின்று தோல் வெடிக்கிறது. உள்ளுறுப்பு நரம்புகள் கெட்டால் எழுந்து நிற்கையில் தலைசுற்றும், உணவு வயிற்றில் தங்கும், சிறுநீர் முழுதும் கழியாது. மாரடைப்புகூட நெஞ்சுவலியின்றி வரலாம்.

புண் எப்படி உண்டாகிறது என்பதைத் தெளிவாக்கியதில் நம் வேலூருக்குப் பங்குண்டு. 1914ல் கொல்லிமலையில் மிஷனெரி பெற்றோருக்குப் பிறந்த டாக்டர் பால் பிராண்ட், 1946ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளரின் விரல்கள் தாமாகவே அழுகி விழுகின்றன என்று அந்நாளில் பலரும் நம்பினர். அப்படியல்ல, வலி தெரியாத கை கால்களுக்கு நேரும் காயங்களே காரணம் என்று அவரும் உடன் ஊழியரும் கண்டனர். ஆணியோ நெருப்போ வேண்டியதில்லை. ஒரே இடத்தில் அடிக்கடி விழும் மிதமான அழுத்தமே போதும். நமக்கு வலித்தால் நம்மை அறியாமலே நடையை மாற்றிக்கொள்கிறோம். அவர்களால் அது முடியாது. 1966ல் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்ற பிராண்ட், அதே அறிவை நீரிழிவுப் பாதங்களுக்கும் பயன்படுத்தினார். தொழுநோயாளரின் பராமரிப்புக்கென்று அன்று காணிக்கை அனுப்பியவர்கள், அது சர்க்கரை நோயாளிகளின் கால்களையும் காக்கும் என்று எண்ணியிருக்க மாட்டார்கள்.

ஆகவே களிம்பும் மாத்திரையும் மட்டும் போதாது, பாரத்தை இறக்க வேண்டும். இரத்த ஓட்டம் நன்றாயிருந்து கிருமித்தொற்றும் இல்லாவிட்டால், பாதத்தோடு ஒட்டி அமையும் மாவுக்கட்டு போடுகிறோம். அநேக புண்கள் சில வாரங்களில் ஆறுகின்றன. பிறகு மைக்ரோசெல்லுலர் ரப்பர் செருப்பு. பரிசோதனையோ மிக எளிது: 10 கிராம் விசையில் வளையும் நைலான் இழையால், நோயாளி கண்ணை மூடியிருக்க, உள்ளங்காலைத் தொடுகிறோம். தெரியவில்லை என்றால் அந்தப் பாதம் ஆபத்திலிருக்கிறது.

செத்த நரம்பை உயிர்ப்பிக்கும் மருந்து இல்லை. எரிச்சலைத் தணிக்கும் மாத்திரைகள் உண்டு. ஆனால் வருமுன் தடுக்கலாம். முதல் வகை நீரிழிவு உள்ளோரிடையே நடந்து 1993ல் வெளியான அமெரிக்க ஆய்வில், சர்க்கரையைக் கண்டிப்பாகக் கட்டுப்படுத்தியவர்களுக்கு நரம்புக் கேடு ஏறத்தாழ 60 சதவீதம் குறைந்தது. இரண்டாம் வகையில் பலன் இவ்வளவு இல்லை, எனினும் உண்டு. மெட்ஃபார்மின் மாத்திரையைப் பல வருஷம் சாப்பிடுகிறவர்களுக்கு வைட்டமின் பி12 குறைந்தும் கால் மரக்கலாம். அது சரிசெய்யக்கூடியது, கேட்டுப் பாருங்கள்.

இந்தியாவில் 10 கோடிக்கு மேற்பட்டோருக்கு நீரிழிவு இருப்பதாக 2023ல் வெளியான தேசிய ஆய்வு கூறுகிறது. இதை வாசிக்கிற தங்கள் இல்லத்திலும் ஒருவர் இருக்கலாம். இரவில் அவர் உள்ளங்காலைப் பாருங்கள். குனிய முடியாதவருக்குத் தரையில் ஒரு கண்ணாடி போதும். வெந்நீரின் சூட்டைக் காலால் அல்ல, வீட்டில் உணர்ச்சியுள்ள வேறொருவர் பார்க்கட்டும். ஆலய வாசலில் செருப்பைக் கழற்றுவது நம் வழக்கம். ஆராதனை முடிந்து வெளியே வரும்போது முற்றத்துக் கல் கொதிக்கும். கொப்பளம் வருவது அவருக்குத் தெரியாது. அப்படிப்பட்டவர்கள் செருப்பை ஒரு பையில் போட்டு உள்ளே எடுத்துச்செல்லத் தங்கள் சபை மூப்பர்கள் அனுமதிப்பார்களா என்று கேட்டுப் பார்க்கலாம்.