சந்தேகம் நல்லதுதான், அளந்து பார்த்தால்!

"புக்கிட் மேராவில் ஆபத்தே இல்லை என்றுதானே அன்றைக்கும் சொன்னார்கள்? இப்போது தடுப்பூசியை மட்டும் எப்படி நம்புவது?"

கோவிட் காலத்தில் என் மாமா கேட்ட கேள்வி இது. தோட்டத்தில் பிறந்து, ஈப்போவில் லாரி ஓட்டுபவர். இனிப்பு நீர் நோயாளி. ஊசியில் 'சிப்' இருப்பதாகப் புலனத்தில் வந்த காணொளியை நம்பி, ஊசி போட மறுத்துவிட்டார்.

கேள்வியின் முதல் பாதி நியாயமானது. ஈப்போ அருகே புக்கிட் மேராவில் ஏசியன் ரேர் எர்த் ஆலை 1982-இல் இயங்கத் தொடங்கியது. ஈயச் சுரங்கங்களில் மிஞ்சிய மோனசைட்டிலிருந்து அருமண் தனிமங்களைப் பிரித்தெடுத்தது. அதன் கழிவில் தோரியம் என்ற கதிரியக்கப் பொருள் இருந்தது. பயப்பட ஒன்றுமில்லை என்றார்கள். மக்கள் நம்பவில்லை.

ஆனால், அவர்கள் சந்தேகத்தோடு நின்றுவிடவில்லை. ஜப்பானியப் பேராசிரியர் சாடாவ் இச்சிகாவா வந்து கதிர்வீச்சை அளந்தார். அனுமதிக்கப்பட்ட அளவைவிட மிக அதிகமாக இருந்தது. டாக்டர் ஜெயபாலன் மக்களின் உடல்நிலையை ஆராய்ந்தார். 1985-இல் மக்கள் ஈப்போ உயர்நீதிமன்றத்தை நாடினர். இரு தரப்பு நிபுணர்களும் குறுக்கு விசாரணை செய்யப்பட்டனர். 1992-இல் ஆலையை மூடும்படி தீர்ப்பு வந்தது. 1993-இல் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. ஆயினும் 1994-இல் ஆலை மூடப்படுவதாக நிறுவனமே அறிவித்தது.

கருவி குறைந்த அளவைக் காட்டியிருந்தால் அந்த மக்களின் வாதம் தோற்றிருக்கும். தோற்கக்கூடிய இடத்தில் தங்கள் சந்தேகத்தை வைக்க அவர்கள் துணிந்தார்கள். 'சிப்' கதை அப்படியல்ல. ஆதாரம் எங்கே என்றால், "மறைத்துவிட்டார்கள்" என்கிறது. மருத்துவர்கள் மறுத்தால், "விலைபோய்விட்டார்கள்" என்கிறது. எதைச் சொன்னாலும் அதுவே அதற்குச் சாட்சியாகிவிடுகிறது. தோற்கவே முடியாத வாதத்தைச் சோதிக்கவும் முடியாது.

மாமாவிடம் நான் விவாதம் செய்யவில்லை. ஒன்றை மட்டும் கேட்டேன்: "எது தெரிந்தால் உங்கள் மனம் மாறும், மாமா?" அவர் பதில் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து, "டாக்டரிடம் நேரிலேயே கேட்கிறேன், வா" என்றார்.

கிளினிக்கில், ஊசியில் என்ன இருக்கிறது, தன் நோய்க்கு ஒத்துக்கொள்ளுமா, என்னென்ன பக்கவிளைவு வரும் என்று கேட்டார். காய்ச்சல், உடல்வலி வரலாம், அரிதாகக் கடுமையான ஒவ்வாமையும் வரலாம் என்று மருத்துவர் மறைக்காமல் சொன்னார். அதன்பிறகுதான் மாமா சட்டைக் கையை மடக்கினார்.

இன்றும் அவர் எல்லாவற்றையும் சந்தேகிக்கிறார். ஆனால் புலனத்தில் வரும் காணொளிகளையும் சேர்த்தே சந்தேகிக்கிறார். நாமும் அடுத்த செய்தியைப் பகிரும் முன் அவரிடம் கேட்ட அதே கேள்வியை நம்மிடம் கேட்டுக்கொள்வோம்.