தள்ளிப்போடக் கூடாத இரண்டு அழைப்புகள்

புற்றுநோய்க்குக் கீமோதெரபி பெறும் தாயையோ தந்தையையோ வீட்டில் பராமரிக்கும் குடும்பங்கள் நம் நடுவே உண்டு. பாசத்தால், இருவரை அழைக்க அவர்கள் தயங்குவதைக் காண்கிறோம்.

முதலாவது, மருத்துவரை. கீமோ மருந்து இரத்த வெள்ளையணுக்களைக் குறைப்பதால், சாதாரணத் தொற்றும் உயிருக்கு ஆபத்தாகலாம். காய்ச்சல் 100.4 டிகிரி பாரன்ஹீட்டைத் தொட்டால், நள்ளிரவானாலும் மருத்துவமனையை அழைக்க வேண்டும். 'விடியட்டும், பார்ப்போம்' என்று நாமாகவே மாத்திரை கொடுத்துக் காத்திருந்தால், காய்ச்சல் தணிந்ததுபோல் தோன்றும். தொற்று உள்ளே வளரும்.

இரண்டாவது, பங்குத்தந்தையை. 'சாமியாரைக் கண்டால் அம்மா பயந்துவிடுவார்' எனக் கடைசி நேரம்வரை காத்திருப்போர் பலர். நோயில்பூசுதல் சாகும் தறுவாயில் இருப்போருக்கு மட்டும் உரியதல்ல என இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-லேயே கற்பித்தது. நோயைத் தாங்கும் ஆற்றலையும் மன அமைதியையும் தரும் அருளடையாளம் அது. நோய் மேலும் கடுமையானால் மீண்டும் பெறலாம்.

ஆகவே, அம்மா தெளிந்த நினைவோடு இருக்கும்போதே, தாமே 'ஆமென்' சொல்ல முடிகிறபோதே, பங்குத்தந்தையை அழைப்போம். பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் எல்லாரும் கட்டிலைச் சுற்றி நின்று அவரோடு செபிப்போம்.