விண்டோஸ் 10-க்கு விடை கொடுத்தாச்சு... லேப்டாப்பையும் தூக்கிப் போடணுமா?

ஸ்கிரீன் பளிச்சென்று இருக்கிறது, கீபோர்டில் ஒரு பட்டன்கூடப் போகவில்லை. ஆனால், 'இந்தக் கம்ப்யூட்டரில் விண்டோஸ் 11 இயங்காது' என்று மெசேஜ் வருகிறது. உடனே புது லேப்டாப்புக்கு இ.எம்.ஐ கணக்குப் போட ஆரம்பித்துவிட்டீர்களா? கொஞ்சம் பொறுங்கள்.

2015-ல் வந்த விண்டோஸ் 10-க்கான ஆதரவை, 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் முடித்துக்கொண்டது. அதனால் லேப்டாப் நின்றுவிடாது. ஆனால், புதிதாகத் தெரியவரும் பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கும் அப்டேட்கள் வழக்கம்போல வராது. தனியாகப் பதிவு செய்பவர்களுக்குக் கூடுதல் அவகாசம் உண்டு என்றாலும், அது தற்காலிகம்தான். நெட்பேங்கிங் செய்யும் வீட்டில் இதை அலட்சியப்படுத்த முடியாது.

விண்டோஸ் 11-க்கு டி.பி.எம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். இன்டெல் பிராசஸர் என்றால், பெரும்பாலும் 8-வது தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ தேவை. அதனால்தான் நன்றாக ஓடும் பல லேப்டாப்கள் வரிசைக்கு வெளியே நிற்கின்றன.

லினக்ஸ்... நமக்கும்தான்!

1991-ல் ஃபின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிவைத்தது லினக்ஸ். 'அதெல்லாம் இன்ஜினீயர்களுக்கு' என்று ஒதுங்க வேண்டாம். உங்கள் கையிலுள்ள ஆண்ட்ராய்டு போனின் அடித்தளமே அதுதான். கேரள அரசுப் பள்ளிப் பிள்ளைகள் கம்ப்யூட்டர் பாடம் படிப்பதே லினக்ஸில்தான். தமிழக அரசு 2011 முதல் வழங்கிய விலையில்லா லேப்டாப்களிலும், விண்டோஸுடன் 'பாஸ்' என்ற இந்திய லினக்ஸ் இருந்தது.

புதியவர்களுக்கு 'லினக்ஸ் மின்ட்' ஏற்றது. பார்ப்பதற்கு விண்டோஸ் போலவே இருக்கும், இலவசம். 4 ஜி.பி ரேம் இருந்தால் போதும். பிரவுசர், வீடியோ, ஆன்லைன் வகுப்பு, லிப்ரே ஆபீஸில் கடிதம், கணக்கு என வீட்டு வேலைகள் நடக்கும். தமிழ்99 முறையில் டைப் செய்யும் வசதியும் உண்டு.

எப்படிச் சோதிப்பது?

* 8 ஜி.பி பென் டிரைவ் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும் என்பதால், காலியானதாக இருக்கட்டும்.

* லினக்ஸ் மின்ட் இணையதளத்தில் ஃபைலை டவுன்லோடு செய்து, 'ரூஃபஸ்' போன்ற மென்பொருள் மூலம் பென் டிரைவில் ஏற்றுங்கள்.

* லேப்டாப்பை ஆன் செய்யும்போது பூட் மெனுவுக்குப் போய் பென் டிரைவைத் தேர்ந்தெடுங்கள். இன்ஸ்டால் செய்யாமலேயே லினக்ஸ் திறக்கும்.

* வைஃபை, ஸ்பீக்கர், கேமரா, பிரின்டர் எல்லாம் வேலை செய்கின்றனவா என்று பாருங்கள். திருப்தி இல்லையென்றால், பென் டிரைவை எடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்தால் பழைய விண்டோஸ் அப்படியே வந்துவிடும்.

பிடித்திருந்தால் மட்டும் இன்ஸ்டால் செய்யலாம். அதற்கு முன் போட்டோக்கள், சான்றிதழ்கள், பாஸ்வேர்டுகளை வேறு இடத்தில் பத்திரப்படுத்துவது கட்டாயம். இன்ஸ்டால் செய்யும்போது 'டிஸ்க்கை அழி' என்று வரும் ஆப்ஷனில் கை வைத்தால், உள்ளே இருப்பது திரும்பாது.

யாருக்குச் சரிப்படாது?

டேலியில் கணக்கு எழுதுபவர்கள், ஃபோட்டோஷாப்பில் வேலை பார்ப்பவர்கள், 'வேலரன்ட்' போன்ற கேம்களை விடமுடியாத பிள்ளைகள்... இவர்களுக்கு விண்டோஸ்தான் வசதி. டிஜிட்டல் கையெழுத்துக்கான டோக்கன் பயன்படுத்துபவர்களும் முதலில் சோதித்துப் பார்த்துவிட்டே முடிவெடுக்க வேண்டும்.

மற்றவர்களுக்கு என் கருத்து இதுதான்... லேப்டாப்பின் ஆயுளை அதன் உடல்நிலை தீர்மானிக்கட்டும். ஒரு நிறுவனம் காலண்டரில் குறித்த தேதி தீர்மானிக்க வேண்டாம். பழைய ஹார்டு டிஸ்க்கை எஸ்.எஸ்.டி-யாக மாற்றினால் வேகமும் கூடும். புது லேப்டாப்புக்கு எடுத்துவைத்த பணம், பிள்ளையின் அடுத்த டேர்ம் ஃபீஸுக்கு ஆகும்!