அரக்கோணம் – காஞ்சிபுரம் இருப்புப்பாதை

அரக்கோணம் – காஞ்சிபுரம் இருப்புப்பாதை 1865 ஆம் ஆண்டு இந்தியன் டிராம்வே கம்பெனியால் திறக்கப்பட்ட, சுமார் 30 கிலோமீட்டர் நீளமுள்ள கிளைப்பாதையாகும்.

செலவைக் குறைக்க இது 3 அடி 6 அங்குல அகலத்தில் போடப்பட்டது. அரக்கோணம் வழியாகச் சென்ற மதராஸ் ரயில்வே பாதையின் அகலமோ 5 அடி 6 அங்குலம். ஆகவே ஒரு பாதையின் வண்டி மற்றதில் ஓடாது. காஞ்சிபுரத்துச் சரக்குகளை அரக்கோணத்தில் இறக்கி மீண்டும் ஏற்ற வேண்டியிருந்தது. மிச்சப்படுத்திய பணத்துக்கு ஈடாக அன்றாடம் கூலியும் நேரமும் செலவாயின.

கர்நாடிக் ரயில்வே எனப் பெயர் மாறிய இந்நிறுவனம், 1874 இல் தென்னிந்திய ரயில்வேயின் பகுதியானது. பின்னர் இது மீட்டர் பாதையாக மாற்றப்பட்டு, வாலாஜாபாத் வழியாகச் செங்கல்பட்டு வரை நீண்டது. இன்று அகலப்பாதை.

ஸ்ரீபெரும்புதூரையும் ஒரகடத்தையும் இப்பாதை தொடவில்லை. அப்பகுதியில் தயாராகும் கார்களில் ஒரு பகுதி, சாலை வழியே வாலாஜாபாத் நிலையத்துக்கு வந்தே ரயிலேறுகிறது.